முழக்கோலும் ஸ்தபதி குலமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொரு நிலைகளோடு ஓங்கி நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவருக்கு, சிமெண்டும் அடிக்கணக்கும் நம் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே இத்தகைய ஆகிருதியை எந்த அளவைக் கொண்டு வகுத்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஸ்தபதிகளின் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டு வந்த முழக்கோல் என்னும் மரக்கோலே அதற்கு விடை.

பார்வைக்கு எளிய இந்தக் கோலின் பெருமை அதன் கணக்கில் இருக்கிறது. 8 யவம் ஓர் அங்குலம், 12 அங்குலம் ஒரு சாண், 24 அங்குலம் கிஷ்கு என்கிற முழம் என்று மயமதம் என்னும் சிற்ப சாஸ்திர நூல் வகுக்கிறது. அதோடு நில்லாமல் 25 அங்குலக் கோலைப் பிராஜாபத்தியம் என்றும், 26 அங்குலக் கோலைத் தனுர்முஷ்டி என்றும், 27 அங்குலக் கோலைத் தனுர்க்ரஹம் என்றும் பெயரிட்டு, வாகனத்துக்கும் கட்டிலுக்கும் கிஷ்கு, விமானத்துக்குப் பிராஜாபத்தியம், கிராமம் வகுக்கத் தனுர்க்ரஹம் என்று காரியத்துக்கேற்ற கோலையும் விதிக்கிறது.

விக்கிரகத்துக்கு வரும்போது இந்த சாஸ்திரம் இன்னும் நுட்பமாகிறது. அங்கே அங்குலம் வெளியிலிருந்து வருவதில்லை. சிலையின் உயரத்தையே உத்தம தச தாளம் என்னும் அளவுமுறைப்படி 124 பாகமாக்கினால், அதில் ஒரு பாகம் அந்தச் சிலைக்குரிய அங்குலம். சுவாமிமலை ஸ்தபதிகள் இதற்குத் தென்னங்கீற்று ஓலையை விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, நாபி ஆகியவற்றின் ஸ்தானங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். சிலை சாண் உயரமாயினும் பனை உயரமாயினும் பொருத்தம் மாறாதிருப்பது இதனால்தான். விகிதமே அளவின் உயிர் என்று கண்ட அந்த அறிவை விஞ்ஞானம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

கோலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம். கணக்கைப் பக்கத்தில் உட்கார வைத்தல்லவா போதிக்கவேண்டும்! பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதியின் குடும்பம் அவ்வாறு பேணியது. அவருடைய குமாரர் கணபதி ஸ்தபதி, 1927-ல் பிறந்தவர், பரம்பரை வித்தையோடு கணிதத்தில் பட்டமும் பெற்றார். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை அவருடைய சிருஷ்டி. அறத்துப்பாலின் அதிகாரங்களைக் குறிக்க 38 அடிப் பீடம், பொருளையும் இன்பத்தையும் குறிக்க 95 அடி உருவம், ஆக 133 அடி. கல்லில் கைவைக்குமுன் மரத்தில் மாதிரி செய்து பார்த்துக்கொண்டார்கள்.

ஆயினும் அந்தக் குடும்பத்தின் பணிகளில் சிலையைவிட உயர்ந்ததாக நான் மதிப்பது வேறொன்று. 1957-ல் மாமல்லபுரத்தில் அரசாங்கம் சிற்பப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவராக அமர்ந்தார். அவருக்குப் பின் மகனும் அந்தப் பீடத்தில் நெடுங்காலம் இருந்தார். தந்தை மகனுக்கு மட்டுமே சொல்லிவந்த தாளக்கணக்கும் அங்குலக்கணக்கும், ஸ்தபதி குலத்தில் பிறவாத மாணவர்களும் உளியோடு வந்து உட்கார்ந்து கற்கும் பாடங்களாயின.