கட்டுபெத்தையில் காத்திருக்கும் முதல்

வியாபாரத்திற்கு முதல் என்றவுடன் எமக்கு நினைவுக்கு வருபவை பணம், கடை, சரக்கு ஆகிய மூன்றும்தான். நான்காவதாக ஒரு முதலும் உண்டு. அதுதான் ஆய்வு. பெரிய கம்பனிகள் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்துச் செலவு செய்கின்றன. சிறு வியாபாரியால் அது முடியாது. ஆனால் அவர் செலுத்தும் வரியில் இயங்கும் பல்கலைக்கழகங்களில் அந்த ஆய்வு ஏற்கனவே நடந்து கொண்டிருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவோர் யார் என்பதே கேள்வி.

இதற்கு நல்ல உதாரணம் கொழும்பிலிருந்து காலி வீதியில் சிறிது தூரத்திலுள்ள கட்டுபெத்தை. 1960இல் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனமாக ஆரம்பித்து, 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாக மாறி, 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாக இணைக்கப்பட்டு, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்ற பெயருடன் தனித்து நின்றது இந்நிறுவனம். குடிசார் பொறியியல், இரசாயனப் பொறியியல், மின், இயந்திரம், இலத்திரனியல், கணினி, புடவைத் தொழில்நுட்பம், கட்டடக் கலை என்று நமது வியாபாரத்தைத் தொடாத துறை அங்கே குறைவு. ஆனாலும் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று கேட்கும் எம்மில் பலர், கடைக்கு அங்கிருந்து ஏதும் கிடைக்குமா என்று கேட்பதில்லை.

அங்கிருந்து வெளியே வந்த மூன்று ஆய்வுகளைப் பார்ப்போம். மூன்றும் மூன்று வழிகளில் வந்தவை.

மாணவர் செயற்திட்டம்

முதலாவது, கணினிப் பிரிவின் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் செய்த ‘சித்தி’ என்ற மென்பொருள். வேகமாக வந்து குவியும் தகவல்களுக்கிடையே குறிப்பிட்ட ஓர் ஒழுங்கை அந்தக் கணமே கண்டுபிடிப்பது இதன் வேலை. ஒரே வங்கி அட்டை பத்து நிமிட இடைவெளியில் கொழும்பிலும் கண்டியிலும் பாவிக்கப்பட்டால் உடனே எச்சரிக்கை கொடுப்பது போன்ற காரியம் இது. 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த இம்முயற்சியை, 2005இல் ஆரம்பிக்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனம் கையேற்று வளர்த்தது. பின்னர் உலகெங்கும் வாடகை வாகன சேவை நடத்தும் ஊபர் நிறுவனமும் இதனைப் பாவித்தது. அந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை 600 மில்லியன் டொலருக்கும் மேலான பெறுமதியில் வாங்குவதற்கு 2024இல் சுவீடனைத் தலைமையகமாகக் கொண்ட ஈ.கியூ.டீ. முதலீட்டுக் குழுமம் முன்வந்தது.

இது தற்செயலாக நடந்ததல்ல. திறந்த மூல மென்பொருள் எழுதும் மாணவர்களுக்குக் கொடுப்பனவு வழங்கும் கூகிளின் கோடைகாலத் திட்டத்தில், 2005 முதலான பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே.

கம்பனியும் பல்கலைக்கழகமும்

இரண்டாவது, 2004 சுனாமியின் படிப்பினையில் பிறந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, ஹம்பாந்தோட்டை என்று நமது கரையோர ஊர்கள் அன்று எவ்வித எச்சரிக்கையுமின்றி அழிந்தன. கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் மூலமே மக்களை எச்சரிக்க முடியாதா என்ற கேள்விக்கு, டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய ஆய்வுகூடம் மைக்ரோஇமேஜ் நிறுவனத்துடன் சேர்ந்து விடை தேடியது. தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியும், பொது இடங்களில் வைக்கும் கருவிக்கு ஒலியும் ஒளியும் அனுப்பும் அந்த எச்சரிக்கை வலையமைப்பு 2009இல் அறிமுகமானது. இங்கே கம்பனி பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. தீர்க்க வேண்டிய பிரச்சினையையும் கொண்டு வந்தது.

கட்டுரையில் உள்ள சரக்கு

மூன்றாவதுதான் ஹாட்வெயார் கடைக்காரரும் கல் அரியும் தொழில் செய்வோரும் கவனிக்க வேண்டியது. பேராசிரியர் ரங்கிக ஹல்வத்துரவும் ஆய்வாளர் ரிஸ்னா அரூஸும் ‘மண் கொங்கிரீட்’ கல்லுக்கான கலவை விகிதத்தையும் அதன் நீடித்துழைக்கும் தன்மையையும் ஆராய்ந்து 2018இல் கட்டுரையாக வெளியிட்டனர். கொங்கிரீட்டில் சல்லியும் மணலும் செய்யும் வேலையை மண்ணில் இயற்கையாக உள்ள சரளையும் மணலுமே செய்யும்படி விட்டுவிடுவது இதன் தந்திரம். அவர்கள் கண்ட விகிதம் இது: சீமெந்து குறைந்தது 4 சதவீதம், நுண்துகள் 10 சதவீதத்திற்கு மேற்படாமல், மணல் 55 முதல் 60 சதவீதம், சரளை 30 முதல் 35 சதவீதம். உலர்ந்த கலவைக்கு 18 முதல் 20 சதவீதம் தண்ணீர். கலவை இளகலாக இருப்பதால் அச்சில் ஊற்றினாலே தானாக நிறைந்து கொள்ளும். அழுத்தும் இயந்திரம் தேவையில்லை.

வியாபாரியின் கணக்கில் இதைப் பாருங்கள். 4 சதவீதம் என்றால் 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்று 1,250 கிலோ உலர்ந்த கலவைக்குப் போதும். 2022 நெருக்கடியின்போது சீமெந்து விலை ஒரு வருடத்திற்குள் இரட்டிப்புக்கும் மேலாக ஏறி, கட்டட வேலைகள் நின்று, கல் அரியும் சிறு தொழிலாளிகள் கையைப் பிசைந்து கொண்டு நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. சீமெந்தைக் குறைக்கும் வழி பற்றிய ஆய்வு அன்றே அச்சில் இருந்தது. அது எத்தனை பட்டறைகளின் வாசலைத் தட்டியது?

ஆனால் கட்டுரையைப் படித்த மறுநாளே ஆயிரம் கல் அரிந்து விற்கப் புறப்படக் கூடாது. ஆய்வுகூட முடிவு வேறு, சந்தைச் சரக்கு வேறு. சம்மாந்துறை மண்ணும் மாவனல்லை மண்ணும் ஒன்றல்ல. களி கூடிய மண்ணுக்கு மணலும் சரளையும் சேர்க்க வேண்டி வரும். உங்கள் மண்ணை அரித்துப் பார்த்து, மாதிரிக் கற்களைப் பரிசோதித்து, வலிமைக்கு எழுத்தில் அறிக்கை பெற வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் கட்டணம் பெற்று இத்தகைய பரிசோதனைகளைச் செய்து கொடுக்கின்றன. சாதாரண சீமெந்துக் கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 855 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது வாய்ச் சொல்லைவிட அறிக்கைக்கே மதிப்பு அதிகம்.

எப்படி அணுகுவது?

ஒன்று, பிரச்சினையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ‘எனது வியாபாரத்தை முன்னேற்ற வேண்டும்’ என்று போனால் பதில் கிடைக்காது. ‘நூறு கல்லில் எட்டு உடைகிறது, காரணம் என்ன?’, ‘காய வைக்கும் அடுப்புக்கு மாதம் இவ்வளவு விறகு செலவாகிறது, குறைக்க முடியுமா?’ என்று இலக்கத்துடன் கேட்டால், அது விரிவுரையாளருக்கும் ஓர் ஆய்வுத் தலைப்பாகிவிடும்.

இரண்டு, சரியான பிரிவைத் தேடுங்கள். கல்லும் கூரையும் குடிசார் பொறியியலுக்கு, இறப்பரும் உணவு பதப்படுத்தலும் இரசாயனப் பொறியியலுக்கு, துணி புடவைப் பிரிவுக்கு. அங்கு செய்யப்பட்ட ஆய்வேடுகளை நூலகத்தின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை இருந்தால் ஒரு மாலை நேரம் போதும்.

மூன்று, சிறிதாக ஆரம்பியுங்கள். முதலில் ஒரு பரிசோதனை, அடுத்து இறுதியாண்டு மாணவர் செயற்திட்டம் ஒன்று, அதன் பிறகே பெரிய ஒப்பந்தம். மாணவருக்கு மூலப்பொருளும் பட்டறையில் இடமும் கொடுத்தாலே பல வேலைகள் நடக்கும்.

நான்கு, உரிமை யாருக்கு என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக் கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்குச் செல்லும். அது எந்த நாட்டில் பெறப்பட்டதோ அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். கட்டுரையில் கண்ட ஒரு முறைக்கு இங்கே ஆக்கவுரிமை இருக்கிறதா என்பதைக் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரிக்கலாம். உரிமை இருந்தால் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். மற்றவர் உழைப்பைத் திருடி உழைக்கும் பணத்தில் பரக்கத் இராது.

கிழக்கிலுள்ளவர்கள் கட்டுபெத்தை தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியற் பீடம் இயங்குகிறது. பேராதனையும் யாழ்ப்பாணமும் அவ்வாறே.

நமது சமூகம் வாங்கி விற்பதில் பெயர் பெற்றது. அதில் குறை இல்லை. ஆனால் 2020 முதல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இன் டொலர் தட்டுப்பாடும், வாங்கி விற்பதை மட்டும் நம்பியவரின் கடையில் தட்டுகளை எவ்வளவு விரைவில் வெறுமையாக்க முடியும் என்பதைக் காட்டிவிட்டன. செய்து விற்கத் தெரிந்தவருக்கு இன்னொரு கதவு திறந்திருக்கும். அந்தக் கதவுக்குத் தேவையான ஆய்வில் பாதி ஏற்கனவே முடிந்து அலுமாரிகளில் இருக்கிறது. மீதிப் பாதி, அதாவது நமது மண்ணிலும் நமது பட்டறையிலும் நமது வாடிக்கையாளரிடமும் அதைப் பரீட்சித்துப் பார்ப்பது, பேராசிரியரின் வேலையல்ல. அது வியாபாரியின் வேலை.