பறவைக் கூட்டு உணவும் நைட்ரைட் நச்சும்

தென்கிழக்கு ஆசியக் கடலோரக் குகைகளில் வாழும் உழவாரன் இனச் சிறுபறவைகளுள் சில, தம் உமிழ்நீரைக் கொண்டே கூடு கட்டுகின்றன. உலர்ந்ததும் வெண்மையான கிண்ணம்போல் பாறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இக்கூடு, சீன மக்களிடையே பல நூற்றாண்டுகளாக விலையுயர்ந்த உணவாக விளங்கி வருகிறது. இதில் பாதிக்கு மேல் புரதமே. எனினும் இதற்குக் கூறப்படும் மருத்துவப் பெருமைகள் பலவும் இன்னும் ஐயமற நிறுவப்பட்டவை அல்ல.

கூடுகளில் 'இரத்தக் கூடு' எனப்படும் செந்நிற வகைக்கு மதிப்பு மிகுதி. பறவை தன் குருதியைக் கக்கிக் கட்டுவதால் இந்நிறம் வந்தது என்பது நெடுநாளைய நம்பிக்கை. உண்மை வேறு. குகைத் தரையில் குவியும் எச்சம் அழுகும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எச்சத்திலிருந்து எழும் ஈரமான ஆவி கூட்டில் படிய, அதன் புரதத்திலுள்ள டைரோசின் எனும் அமினோ அமிலம் நைட்ரஜன் சேர்மங்களுடன் வினைபுரிந்து நிறம் மாறுகிறது. வெண்கூட்டை எச்சத்தின் ஆவியில் வைத்துச் சிவக்கச் செய்ய முடியும் என்பதை ஆய்வாளர்கள் செய்தே காட்டியுள்ளனர். ஆகவே, அதிக விலை கொடுத்து வாங்கப்பட்ட செம்மை, பெரும்பாலும் அசுத்தத்தின் அடையாளமே எனலாம்.

2011ஆம் ஆண்டில் சீனாவின் செஜியாங் மாநில அதிகாரிகள் சோதித்த இரத்தக் கூடுகளில், கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் நைட்ரைட் காணப்பட்டது. மலேசியக் கூடுகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது, விலை சரிந்தது, ஊர்தோறும் கட்டடம் எழுப்பிப் பறவை வளர்த்த சிறு முதலீட்டாளர்கள் பெரும் இழப்புக்குள்ளாயினர். பின்னர், கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற உச்சவரம்பைச் சீனா விதித்தது.

இவ்வரம்பின் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.07 மில்லிகிராம் வரையிலான நைட்ரைட்டை நாள்தோறும் உட்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழுவின் அளவுகோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 4.2 மில்லிகிராம். வரம்புக்குட்பட்ட கூட்டில் 5 கிராம் உண்டால் சேர்வது 0.15 மில்லிகிராமே. கிலோவுக்கு 4,000 மில்லிகிராம் உள்ள கூடாயின், அதே 5 கிராமில் 20 மில்லிகிராம்! மிகையான நைட்ரைட், குருதியின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் குறைக்கிறது. கைக்குழந்தைகளுக்கு இது பேராபத்து.

நல்வாய்ப்பாக, நைட்ரைட் நீரில் எளிதில் கரையக்கூடியது. எனவே சமையலின் முதற்படியே பாதுகாப்பின் முதற்படியும் ஆகிறது. உலர்ந்த கூட்டைக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, இழைகள் பிரிந்ததும் சிறகுத் துணுக்குகளை இடுக்கியால் அகற்ற வேண்டும். நீரைப் பலமுறை மாற்றிக் கழுவிய பின்னரே, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்த மூடிய கிண்ணத்தில் கற்கண்டு சேர்த்து மெல்ல வேகவைக்கலாம். சத்து வீணாகிறதே என எண்ணி ஊறிய நீரிலேயே சமைப்பது தவறு. கரைந்த நச்சு மீண்டும் உணவிலேயே சேர்ந்துவிடும். கொதிக்கவைப்பதால் நைட்ரைட் அகன்றுவிடாது. பளிச்சிடும் வெண்மையையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுப்பதும், பிசினும் கடற்பாசியும் கலந்து எடை கூட்டுவதும் இவ்வணிகம் அறிந்த மோசடிகள்.

கழுவினாலும் நீங்காத இடர் ஒன்றுண்டு. கூட்டின் புரதமே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்; 1990களில் சிங்கப்பூர்க் குழந்தைகளிடையே இத்தகைய நேர்வுகள் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன.

நம் நாட்டில் இப்பறவை அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்கிறது. கூடுகள் கொள்ளை போனதால் அருகிவந்த இதனைக் காக்க, கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையமும் தீவுகளின் வனத்துறையும் இணைந்து, குகைகளுக்குக் காவலிட்டும் கட்டடங்களில் பறவைகளைக் குடியேற்றியும் முயன்று வந்துள்ளன. குஞ்சுகள் பறந்து சென்றபின் எஞ்சும் கூடுகளை விற்று மக்கள் வருவாய் பெறலாம் என்பது இம்முயற்சியின் அடிப்படை எண்ணம். அந்நிலை ஏற்படுமாயின், கட்டடத் தரையின் எச்சத்தை அவ்வப்போது அகற்றுவதும், காற்றோட்டத்தையும் ஈரப்பதத்தையும் கண்காணிப்பதும், ஏற்றுமதிக்கு முன் நைட்ரைட் அளவைச் சோதிப்பதும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இடம்பெற வேண்டும்.