சுஷியோட வர்ற பிங்க் இஞ்சி எதுக்கு? கலரை நம்பலாமா?

சுஷி ஆர்டர் செய்தால் தட்டின் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புச் சுருள்கள் வரும். அலங்காரம் என்று நினைத்து ஒதுக்குபவர்களும் உண்டு. சுஷி மேலேயே வைத்து ஒரே வாயில் போடுபவர்களும் உண்டு. அது வினிகரில் ஊறிய இஞ்சி. ஜப்பானில் பெயர் 'கரி' (அடுப்புக்கரி இல்லீங்க!). கடிக்கும்போது எழும் சத்தத்தில் இருந்து வந்த பெயர் என்கிறார்கள்.

எப்போது சாப்பிடணும்?

ஒரு சுஷிக்கும் அடுத்த சுஷிக்கும் நடுவில் ஒரு துண்டு. கொழுப்பு அதிகமுள்ள சால்மனைச் சாப்பிட்ட கையோடு மென்மையான வெள்ளை மீனைச் சாப்பிட்டால், இரண்டாவதன் ருசி தெரியாது. இஞ்சி வாயைச் சுத்தம் செய்துவிடும். மீனின் மேலே வைத்தால் புளிப்பும் காரமும் மீன் ருசியை அமுக்கிவிடும்.

பிங்க் நிறம் எங்கிருந்து வருது?

இதற்கு இளசான இஞ்சிதான் வேண்டும். நார் குறைவு, தோலும் மெல்லிசு. காகிதம் போல சீவி, கொதிநீரில் சிறிது நேரம் போட்டு, உப்பு தூவிப் பிழிந்து, அரிசி வினிகர்–சர்க்கரைக் கரைசலில் ஊறவைப்பார்கள்.

இளம் இஞ்சியின் நுனியில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது. அமிலம் பட்டால் அது இளஞ்சிவப்பாகும். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுவதும் இதே வகை நிறமியால்தான்.

முற்றிய இஞ்சியில் இந்த நிறமாற்றம் பெரும்பாலும் நடக்காது. வெளிர் மஞ்சளாகவே இருக்கும். அதனால் 'மஞ்சளா இருக்கே, பழசோ?' என்று சந்தேகப்பட வேண்டாம். மாறாக, பாட்டிலில் பளிச்சென்ற பிங்க் தெரிந்தால் லேபிளைப் பாருங்கள். பீட்ரூட் சாறோ செயற்கை நிறமியோ சேர்த்திருக்கலாம்.

சுஷிக்கு மட்டும்தானா?

இல்லை. அடர் சிவப்பில் குச்சி குச்சியாக இருப்பது 'பெனி ஷோகா'. உமே காய் ஊறிய உப்புநீரில் இதை ஊறவைப்பார்கள். மாட்டிறைச்சிச் சோறான கியூடோன், யாகிசோபா நூடுல்ஸ், தகோயாகி ஆகியவற்றுக்கு இதுதான் ஜோடி. தண்டோடு ஊறவைக்கும் 'ஹஜிகாமி' சுட்ட மீனுடன் வரும்.

ஹாங்காங்கில் கறுத்துப்போன 'செஞ்சுரி எக்' முட்டையைப் புளிப்பு இஞ்சியோடு சாப்பிடுகிறார்கள். மியான்மரின் 'ஜின் தோக்' சாலட்டில் ஊறிய இஞ்சியுடன் வறுத்த பருப்பு, வேர்க்கடலை, எள் சேரும்.

பச்சை மீனில் உள்ள கிருமியை இஞ்சி கொன்றுவிடுமா?

இதில்தான் கவனம் தேவை. இஞ்சியில் உள்ள சில பொருள்கள் ஆய்வகச் சோதனைகளில் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவது உண்மை. ஆனால், ரெண்டு துண்டு இஞ்சி கெட்டுப்போன மீனை நல்ல மீனாக்காது. அனிசாகிஸ் போன்ற ஒட்டுண்ணிப் புழுக்களை வினிகரோ வசாபியோகூட நம்பகமாகக் கொல்லாது. மீனை உறையவைப்பதுதான் வழி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதலில் ஒன்று, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள்.

எனவே, மார்க்கெட்டில் வாங்கிய மீனில் வீட்டிலேயே சுஷி செய்து, 'இஞ்சி இருக்கே' என்று தைரியமாக இறங்க வேண்டாம். மீன் பச்சையாகச் சாப்பிட ஏற்றதா, முறைப்படி உறையவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். பதில் கிடைக்காவிட்டால், வெள்ளரிக்காய், அவகாடோ வைத்துச் சுருட்டலாம். இஞ்சி அதற்கும் பொருந்தும்.