குளவிக் கொட்டும் நட்டஈடும்

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே கொழுந்து கொய்யும் பெண்கள் அட்டைக்கு அஞ்சுவதில்லை, குளவிக்கு அஞ்சுகிறார்கள். உயர்ந்த மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் தொங்கும் கூடு கலைந்தால், கூடையும் தலையுமாய் நிரையில் நிற்பவர் ஓடி ஒளிய இடமேது? தோட்டத்தார் குளவி என்று சொல்வது பல வேளைகளில் பெருந்தேனீயேயாம். கொட்டுண்டவருக்கு அந்த வேற்றுமையால் ஆறுதல் ஒன்றுமில்லை.

அவ்வாறு கொட்டுண்ட ஒருத்தி ஆஸ்பத்திரியிலே பல நாட் கிடந்து, வேலைக்குப் போகவியலாத நிலையில் நட்டஈடு கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "குளவியைத் தோட்டமா வளர்த்தது?" என்பது மறுமொழி. இந்த ஒரு சொல்லுக்கே அடங்கிவிடும் குடும்பங்கள் பல. அடங்க வேண்டியதில்லை. தோட்டத்து அலுவலகம் மறுப்பது வழக்கின் ஒரு கட்சியின் மறுப்பேயன்றித் தீர்ப்பன்று. தீர்ப்பு வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருடையது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், முதலாளி குற்றஞ் செய்தாரா என்று ஆராய்வதில்லை. விபத்து வேலையின்போது நேர்ந்ததா, வேலையின் காரணமாக எழுந்ததா என்ற இரண்டையுமே வினவுகிறது. முதலாவதற்குச் செக்ரோல் விடை சொல்லும். தகராறெல்லாம் இரண்டாவதிலேதான்.

இச்சட்டத்தின் சொற்கள் இங்கிலாந்தின் சட்டத்தைத் தழுவியவை. அங்கேயும் ஒரு குளவியே இவ்வினாவைக் கிளப்பிற்று. கதிரடிப்பு வேலையில் இருந்த ஒருவர் குளவி கொட்டி இறந்தார். 1912ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ஏமிஸ் எதிர் பார்ட்டன் என்னும் அவ்வழக்கில், குளவி யாரையும் கொட்டக்கூடும், அவ்வேலைக்கென்று தனி ஆபத்து இல்லையென நட்டஈடு மறுக்கப்பட்டது. ஆனால் 1917இல் பிரபுக்கள் சபை வேறொரு வழக்கில் வேறு நெறியைக் காட்டிற்று. கொட்டகையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த பெண்மீது அயல்நிலத்துச் சுவர் இடிந்து விழுந்தது. வேலையே அவளை அவ்விடத்தில் நிறுத்தியது. ஆதலால் அவ்விடத்தின் ஆபத்து வேலையின் ஆபத்தே என்று சபை முடிவு செய்தது.

கொழுந்துக்காரிக்கு வேண்டிய வாதம் இதுவே. நாவலப்பிட்டிக் கடைவீதியில் நடப்பவர் கூடு தொங்கும் மரத்தடியில் நாள்முழுதும் நிற்பதில்லை. அவள் நிற்கிறாள், கங்காணி காட்டிய நிரையிலே. ஆகவே "குளவி கொட்டியது" என்று மட்டும் எழுதும் விண்ணப்பம் மெலிந்த விண்ணப்பம். எந்த மலை, எந்த மரத்திற் கூடு, அங்கே முன்னரும் யாரேனும் கொட்டுண்டார்களா, அன்று அங்கே அனுப்பியவர் யார் என்பவற்றை, உடன் நின்ற பெண்களின் சாட்சியத்தோடு எழுதவேண்டும். விபத்தைத் தாமதமின்றித் தோட்டத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியொன்றை வீட்டில் வைத்திருப்பதும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். லயத்துக் கூரை ஒழுகும் மாதங்களில் இது சிறு காரியமன்று.

"அவள் கவனமின்றி நடந்தாள்" என்றும் சொல்லப்படும். வெறும் கவனக்குறைவு உரிமையை அழிப்பதில்லை. குடிவெறியும், பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறுவதும் வேறு. "தற்காலிகக்காரி" என்பதும் போதாது. தோட்டத்தின் தொழிலுக்காகவே அவள் கொழுந்து கொய்தாள். சிறுதொகை கொடுத்து, இனி உரிமை கோருவதில்லை என்று கையெழுத்து வாங்கிய கடதாசியும் சட்டத்தின்முன் நில்லாது. மரணம் நேர்ந்தால் தொகையை ஆணையாளரிடமே வைப்பிலிடவேண்டும். துக்கவீட்டில் நீட்டும் பணம் அதற்கு ஈடாகாது.

2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நட்டஈட்டின் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் அது சேர்த்துக்கொண்டது. ஆதலின், விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்கு நடக்கும் வழியிலேயே கொட்டுண்டவளும் இப்போது விண்ணப்பிக்கலாம்.