போதமலைக்குச் சாலை சரி, மண் யாருக்கு?

வெண்ணந்தூர் என்றதும் நமக்குத் தறிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். அதே வெண்ணந்தூர் ஒன்றியத்துக்குள்தான் போதமலையும் இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று மலைக் கிராமங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கீழே ராசிபுரம் பக்கம் கல்லூரிகளும் கோழிப் பண்ணைகளும் பெருகிய காலத்திலும், மேலே போவதற்கு இருந்தது கல்லும் முள்ளுமான நடைபாதைதான். வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்துகொண்டு அலுவலர்கள் மலையேறும் படம் தேர்தல் தோறும் பத்திரிகைகளில் வரும். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி இறக்கும் படம் எப்போதாவது வரும். ரேஷன் அரிசி தலைச்சுமையாக ஏறியது யார் கண்ணிலும் படவே இல்லை.

இப்போது நிலைமை மாறுகிறது. வடுகம் பக்கமிருந்து ஒன்று, புதுப்பாளையம் பக்கமிருந்து ஒன்று என சுமார் 140 கோடி ரூபாய்த் திட்டத்தில் 31 கிலோமீட்டர் சாலை. வனநிலம் என்பதால் அனுமதிக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் சாலை நியாயமானது, மிகத் தாமதமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடிகள் நாள் நெருங்கும்போதெல்லாம் ‘மலையும் சமவெளியும் கைகோக்கின்றன’ என்று மேடைகளில் பேசுகிறார்களே, அந்தக் கைகோப்பு சாலை போட்டால் தானாக வந்துவிடுமா? சாலையில் முதலில் ஏறப்போவது ஆம்புலன்ஸா, நிலம் வாங்க வருகிறவரின் காரா? வெண்ணந்தூரில் இருக்கும் நாம் இதை இப்போதே கேட்டாக வேண்டும்.

நல்லிணக்கத்துக்கு ஓர் அமைப்பு

பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நல்லிணக்கம் உண்டாக்குவதையே முழுநேர வேலையாகச் செய்யும் அமைப்புகள் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2001-இல் தொடங்கிய ‘ரீகன்சிலியேஷன் ஆஸ்திரேலியா’ லாப நோக்கமற்ற அமைப்பு. ஒவ்வொரு ஆண்டும் மே 27 முதல் ஜூன் 3 வரை அங்கே நல்லிணக்க வாரம். இந்த இரண்டு தேதிகளையும் அவர்கள் சும்மா பொறுக்கவில்லை. 1967 மே 27-இல் பூர்வகுடி மக்களையும் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வழிசெய்த வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஒன்பது பேர் ஆதரித்தார்கள். 1992 ஜூன் 3-இல், வெள்ளையர் வந்தபோது ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பழைய வாதத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் ‘மாபோ’ வழக்கில் தூக்கி எறிந்தது.

வாரத்தின் ஒரு முனையில் தலைக்கணக்கு, மறுமுனையில் நிலக்கணக்கு. தலையை எண்ணிவிட்டு நிலத்தை மறந்தால் அது நல்லிணக்கம் ஆகாது என்பதை அவர்களின் நாட்காட்டியே சொல்கிறது. 2006 முதல் அங்குள்ள நிறுவனங்களும் பள்ளிகளும் ‘பூர்வகுடிகளோடு உறவு பேண நாங்கள் இன்னின்ன செய்வோம்’ என்று எழுத்தில் திட்டம் வைக்கின்றன. 2008-இல் நாடாளுமன்றமே மன்னிப்புக் கேட்டது. அப்படியிருந்தும், பூர்வகுடிகளின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் ஓர் இடம் கேட்ட 2023 அக்டோபர் வாக்கெடுப்பு தோற்றது. வாரம் கொண்டாட வருகிறவர்கள் எல்லோரும் அதிகாரத்தைப் பங்கிட வருவதில்லை. நாமும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம்மவர் என்று சொல்லியே மறுப்பது

தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சவ்வாது, சித்தேரி என்று மலைமலையாகப் பரந்த மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களே சொல்லும் கதை. பேசுவது தமிழ். கும்பிடுவதில் மாரியம்மனும் உண்டு, பெருமாளும் உண்டு. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரரைப் பார்க்கச் சமவெளிக்காரர்கள் கொல்லிமலைக்குத் திரண்டு போகிறார்கள்.

மொழியும் சாமியும் ஒன்றாக இருப்பதாலேயே ஒரு வசதி நமக்குக் கிடைத்துவிட்டது. ‘அவங்களும் நம்மாளுங்கதானே, தனியா என்ன?’ என்று சொல்லி அவர்களின் உரிமையைத் தட்டிக்கழித்துவிடலாம். அதே நாக்கு சந்தையில் தலை நரைத்த மலைக்காரரைக் கண்டால் ‘வா, போ’ என்று ஒருமைக்கு மாறிவிடும். சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடி என்று ஏற்கப்பட்ட அதே மக்கள், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் பழங்குடிப் பட்டியலில் இல்லை. பட்டியலில் மலையாளிகள் மாவட்டப் பெயரோடு குறிக்கப்பட்டிருப்பதுதான் காரணம். மாவட்ட எல்லை தாண்டினால் பழங்குடிச் சான்றிதழ் இல்லை, அதனால் பிள்ளைக்குப் பழங்குடி இட ஒதுக்கீடும் இல்லை.

இந்த அலட்சியத்தின் கோர முகத்தை வாச்சாத்தியில் பார்த்தோம். சித்தேரி மலையடிவாரத்தில், மலையாளிகள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அரசுப் பணியாளர்கள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள், ஊரே சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் குற்றவாளிகள் என்றது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. அந்த முப்பத்தொரு ஆண்டும் அவர்களோடு நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் சமவெளித் தோழர்களும் வழக்கறிஞர்களும்தான், என் பார்வையில், தமிழ்நாட்டின் உண்மையான நல்லிணக்கப் பணியாளர்கள்.

சேர்ந்து வாழ்ந்தவர்கள்

நல்லிணக்கம் கூட்டம் போட்டு வருவதில்லை, கூட வாழ்ந்தால்தான் வரும். அதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993-இல் ஒரு மருத்துவத் தம்பதி ‘பழங்குடி நலவாழ்வு முயற்சி’யைத் தொடங்கினார்கள். ஓலைக் குடிசையில் ஆரம்பித்தது. அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர் மலையாளிப் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பழக்கினார்கள். அந்த எண்ணிக்கை இருபதை ஒட்டி இறங்கியது. பிறகு அதே பள்ளத்தாக்கில் இயற்கை விவசாயிகள் சங்கமும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் அமைப்பும் முளைத்தன.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1980-களின் நடுவில் தொடங்கிய ‘அக்கார்டு’ என்ற அமைப்பு இன்னொரு வழியில் போனது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோரை ஊர்ச் சங்கங்களாகத் திரட்டி, ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்துக்குத் துணை நின்றது. 1988 டிசம்பரில் ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதியில் நடந்து நில உரிமை கேட்டார்கள். அதன் பிறகுதான் மருத்துவமனையும் பள்ளியும் தேயிலைத் தோட்டமும் வந்தன. முதலில் நிலம், பிறகு மற்றதெல்லாம். இந்த வரிசையை வெண்ணந்தூர்க்காரர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சாலை ஏறிய மலைகளில் என்ன நடந்தது?

என் கவலை முழுவதும் இங்கேதான். ஏற்காட்டைப் பாருங்கள். 1820-களில் காபிச் செடி ஏறியது. அதன் பின்னால் தோட்ட முதலாளிகள் ஏறினார்கள், பங்களாக்கள் ஏறின, விடுதிகள் ஏறின. சேர்வராயன் மலைக்கே உரிய மக்கள் எத்தனையோ பேர் அங்கே கூலிக்குப் போகிறார்கள்.

கொல்லிமலையைப் பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் மலை. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று தங்கள் மண்ணை நாடுகளாகப் பிரித்து ஆண்ட மக்கள். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த காட்டில் மரவள்ளி பரவியது. சேலம், ராசிபுரம், ஆத்தூர் சமவெளியின் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சாமையை உரலில் குத்தி அரிசியாக்கும் பாடு பெண்கள் தலையில். கிழங்கோ பிடுங்கினால் காசு. உண்கிற பயிர் போய் விற்கிற பயிர் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே விதை வங்கியும் தோல் நீக்கும் இயந்திரமும் கொண்டுபோய்ச் சிறுதானியத்தை மீட்கப் பாடுபட்டது. உண்கிற பயிர் இல்லாதவன் கடனுக்குப் போவான். கடனுக்குப் போனவன் கடைசியில் அடகு வைப்பது மண்ணைத்தான்.

அந்த மண்ணைக் காக்க நம்மிடம் என்ன சட்டம் இருக்கிறது? பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்க ஆந்திராவில் 1959-இல் விதிமுறை வந்து 1970-இல் இன்னும் இறுக்கப்பட்டது. கேரளம் 1975-இல் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி ஒன்றுகூட நம் மாநிலத்தில் இல்லை. அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த கூடுதல் அதிகாரமும் நம் மலைகளுக்கு வரவில்லை. பட்டா நிலத்தை ஒரு மலைக்காரர் விற்க நினைத்தால், அல்லது விற்க வைக்கப்பட்டால், தடுத்து நிறுத்த வலுவான வேலி கிடையாது.

சுற்றுலா வந்தால் மலைமக்களுக்கும் நாலு காசு வருமே என்பவர்களும் உண்டு. வரட்டும். நிலம் அவர்கள் பெயரில் இருந்தால் அவர்கள் விடுதி நடத்துவார்கள், கை மாறிவிட்டால் அதே விடுதியில் பாத்திரம் கழுவுவார்கள்.

கையில் இருக்கும் ஆயுதம்

நல்ல வேளையாக ஒரு சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தில் குடியிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் நான்கு ஹெக்டேர் வரை உரிமை தரும் சட்டம். அதன் பெரும் பலம் இதுதான்: அந்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும், விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். தேனெடுக்கும் காடு, மேய்ச்சல் நிலம், நீர்நிலை ஆகியவற்றின் மீது ஊருக்கே சமூக உரிமையும் உண்டு. கோரிக்கையைப் பெற்று விசாரித்துத் தீர்மானம் போடும் முதல் அதிகாரம் கிராம சபைக்குத்தான்.

இந்த இடத்தில்தான் சமவெளி மனிதர் தேவைப்படுகிறார். மனு எழுத, எல்லை அளக்க, வரைபடம் போட, நிராகரித்தால் மேல்முறையீடு செய்ய ஆள் வேண்டும். வெண்ணந்தூரிலும் ராசிபுரத்திலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சர்வேயர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். போதமலை மக்கள் பாதிப் பேராகவும் தலைமையாகவும் அமர, மீதிப் பேராக நாம் அமர்ந்து, ஒரு சிறு அமைப்பு தொடங்க என்ன தடை?

அந்த அமைப்பு செய்ய வேண்டியவை நான்கு. வன உரிமை மனு விடுபட்ட குடும்பம் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையில் எந்தப் பத்திரம் பதியப் போனாலும் அதை வரிவரியாகப் படித்துக்காட்ட ஒரு வழக்கறிஞரை இலவசமாக நிறுத்த வேண்டும். மலை விளைச்சலுக்கு ராசிபுரம் சந்தை விலை என்ன என்பதை வாரா வாரம் மேலே தெரிவிக்க வேண்டும். நம் பிள்ளைகளை மேலே அழைத்துப் போய், மலைப் பெரியவர்கள் சொல்லும் காட்டையும் விதையையும் தெரிந்துகொள்ள வைக்க வேண்டும். கூடவே, பழங்குடி நிலத்தை வெளியார் வாங்கத் தடை விதிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் கொண்டுவர வேண்டும் என்று கட்சி பேதமின்றிக் கேட்க வேண்டும்.

வெண்ணந்தூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போதமலைச் சாலை முடிந்ததும் நீங்கள் நிச்சயம் போவீர்கள். போங்கள். ஆனால் அங்கே ஒரு சென்ட் நிலம்கூட வாங்காதீர்கள், வாங்க நினைப்பவருக்குத் துணை போகாதீர்கள். சாலை முடிவதற்குள் மலைமக்களின் உரிமைப் பத்திரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கு உழைக்க இன்றே நான்கு பேர் சேருங்கள்.