நர்சம்மா வர்றாங்க, டீயை மறைச்சு வை!

முதலில் செருப்பைப் பார்க்க வேண்டுமாம். கதவையோ கோலத்தையோ அல்ல, செருப்பை.

எருமப்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய கிராம சுகாதாரச் செவிலியர் எனக்குச் சொல்லித் தந்த முதல் தொழில் ரகசியம் இது. "ஆம்பளச் செருப்பு இல்லீன்னா புள்ள மனசு விட்டுப் பேசும். தேஞ்சுபோன ரப்பர் செருப்பு ரெண்டு ஜோடி கெடந்தா, ஊர்ல இருந்து அம்மாயியும் வந்திருக்காங்கன்னு அர்த்தம். அன்னிக்கு நான் வாயைக் குறைச்சுக்கணும்" என்றார் காதோரமாக. எட்டிப் பார்த்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பு, சரியாக இரண்டு ஜோடி! எனக்கு அங்கேயே சிரிப்பு தாங்கவில்லை.

பேரையும் தெருவையும் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் பின் சீட்டில் இடம் கிடைத்தது. ஆகவே இங்கே அவர் வெறும் நர்சம்மா. ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாமக்கல்லில் இருந்து துறையூர் போகும் வழியில், கொல்லிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்ன வெங்காயக் காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவே இருக்கிறது எருமப்பட்டி. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா என்பது அரசுக் கணக்கு. அந்த 5,000 பேரில் எந்த மருமகள் காலையில் வாந்தி எடுத்தாலும் மதியத்துக்குள் இவர் காதுக்கு வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். மிச்ச நாள்களில்தான் வீடு வீடாகப் போவது. வேடிக்கையெல்லாம் அந்த நாள்களில்தான்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவேனா? பி.பி. மெஷின், தெர்மாமீட்டர், இன்ச் டேப், விரல் நுனியில் குத்தி ரத்த அளவு சொல்லும் குட்டிக் கருவி, சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டை, குழந்தையைத் துணியில் போட்டுத் தொங்கவிடும் தூக்குத் தராசு, மாத்திரை அட்டைகள், தாய் சேய் நல அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட். பசிக்குத்தானே என்று கேட்டேன். நாய்க்காம். "அடுத்த சந்துல ஒண்ணு இருக்குதுங்க. அதைப் பார்த்தா பி.பி. எனக்குத்தான் ஏறும்."

பிரசவத் தேதி கணிப்பது தனிக் கூத்து. "கடைசியா எப்போ கண்ணு தலைக்கு ஊத்துன?" என்று கேட்டால் யாரும் தேதி சொல்வதில்லை. நோம்பிதான் சொல்கிறார்கள். மாரியாயி நோம்பிக்கு முந்தின வாரம் என்கிறாள் ஒருத்தி. நாத்தனார் கல்யாணத்தன்று மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேனே, அன்றைக்கு என்கிறாள் இன்னொருத்தி. நர்சம்மா சுவரில் தொங்கும் ஜவுளிக்கடைக் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டி, நாளைப் பிடித்து, அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுகிறார். ஆடிப் பதினெட்டு, அதாவது ஆகஸ்ட் 3 என்றால், பிரசவம் மே 10.

மே 10 சித்திரைக் கடைசி ஆயிற்றே! இங்கே நான் துள்ளிக் குதித்தேன். புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்புவதே சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதான் என்பார்கள். ஆடி முழுக்கப் பிரித்து வைத்த ஜோடி ஆவணி முதல் நாள் சேர்ந்து, அன்றைக்கே கரு உண்டானாலும் கணக்கு சித்திரைக் கடைசியில்தான் போய் நிற்கிறது. நம் பாட்டிமார் இன்னும் ஒரு வாரம் இழுத்துப் பிடித்திருக்கலாம். மாபெரும் கண்டுபிடிப்பாக இதை நர்சம்மாவிடம் சொன்னேன். "அதுக்கெல்லாம் எங்ககிட்ட ரெஜிஸ்டர் இல்லீங்க" என்று அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அடுத்த வீட்டில்தான் டீ.

நாங்கள் உள்ளே நுழையும்போதே அந்தப் பெண் காலால் எதையோ கட்டிலுக்கடியில் தள்ளினாள். டம்ளர். பாதி டீ. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். பிள்ளை பெற்ற பின்னும் இன்னொரு 180 நாள். டீயும் காபியும் அந்த இரும்பை உடம்பில் ஒட்டவிடாது, எலுமிச்சையும் நெல்லியும் ஒட்டவைக்கும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இந்தப் பாடத்தை நர்சம்மா உருக்கமாக நடத்திக்கொண்டிருக்கும்போதே மாமியார் தட்டோடு வருகிறார். தட்டில் என்ன? டீ! குடித்தால் பாடம் போச்சு. குடிக்காவிட்டால், நம்ம வீட்டில் கை நனைக்க மாட்டாங்களாம் என்று தெருவெல்லாம் பேச்சு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நர்சம்மா டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். "எனக்கு டீ குடுத்தீங்க, சரி. பாப்பாவுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடுங்க ஆத்தா. நான் ஒண்ணும் புள்ளத்தாச்சி இல்லீங்களே!" மாமியார் சிரித்துக்கொண்டே எலுமிச்சை தேடப் போனார். அன்றைக்கு நாங்கள் குடித்த டீயின் எண்ணிக்கையை இருவருமே வெளியில் சொல்வதாக இல்லை.

மாத்திரை உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று கண்டுபிடிக்கும் வித்தை இருக்கிறதே, அதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். "வெளிக்கிப் போறது என்ன கலர்ல போகுது கண்ணு?" இரும்பு சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பெண் அப்பாவியாக, "எப்பவும் போலத்தான் மேடம், மஞ்சளா" என்றாள். தீர்ந்தது கதை! அரிசி டப்பாவுக்குள்ளிருந்து மூன்று அட்டை வந்தது, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து இன்னொன்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குமட்டுகிறதா என்று கேட்டார், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடச் சொன்னார். விரலில் குத்திப் பார்த்தார். 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

முட்டைக் கதை தனி. தினமும் கோடிக்கணக்கில் முட்டை இடும் மாவட்டம் இது. நாமக்கல் முட்டை விலை என்ன என்று தமிழ்நாடே தினம் விசாரிக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் உருளும் முட்டைக்கும் இந்தப் பக்கம்தான் பிறந்த வீடு. அப்படிப்பட்ட இடத்தில், பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்வரும் ஒரு பெண்மணி, முட்டை சூடு என்று சொல்லி வயிற்றுப் பிள்ளைக்காரி மருமகளுக்கு அதைத் தருவதில்லை. பப்பாளியும் சூடு. அன்னாசியும் சூடு. ஊரே சூடுதானே என்று நான் முணுமுணுத்தது நல்லவேளை யார் காதிலும் விழவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு. தலைப்பிரசவம் என்றால் பெண் வளையல் குலுங்கத் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். இத்தனை மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்த கர்ப்பிணி ஒரே நாளில் இன்னொரு நர்சம்மாவின் எல்லைக்குள்! அப்போது நடக்கும் போன் பேச்சைக் கேட்க வேண்டும். பெண் வீட்டார் சீர்வரிசை பேசுவதைப் போலவே இருக்கிறது: "உங்க பக்கம் ஒரு புள்ள வருது. பி.பி. கொஞ்சம் ஏறி இறங்குது, பார்த்துக்குங்க. கீரை சாப்பிடாது, பொய் சொல்லும்." போகிறவள் கையில் தாய் சேய் நல அட்டை, அதில் ஊர் முழுக்க 'பிக்மி நம்பர்' என்று சொல்லும் 12 இலக்க எண். அது இல்லாமல் தமிழ்நாட்டில் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. மகப்பேறு உதவித்தொகையும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும். 'முத்துலட்சுமி ரெட்டி காசு' என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தொகை 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, பிறகு 18,000. அதில் 14,000 பணம், 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றம் ஏறியது, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கட்டியது எல்லாம் இங்கே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். பேர் மட்டும் எல்லார் வாயிலும் மாதத்துக்கு நாலு தடவை வருகிறது, காசு ஏறிவிட்டதா என்ற கேள்வியோடு.

பெட்டகத்தில் பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்பு டானிக், ஆவின் நெய். நெய் யார் வயிற்றுக்குள் போனது என்பதையும் நர்சம்மா விசாரிக்கிறார். புருஷன்காரன் தோசைக் கல்லைக் காட்டிச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளை பிறந்ததும் வேலை இரட்டிப்பு. வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நாள்களுக்கு இந்தியா முழுக்க ஒரே அட்டவணை: 3, 7, 14, 21, 28, 42. பல ஊர்களில் ஆஷா பணியாளர்கள் போகிறார்கள், நம் சமவெளியில் பெரும்பாலும் நர்சம்மாவே. இதற்கு வித்திட்டது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இருவரும் நடத்திய சோதனை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கே அனுப்பியதில், பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள். எண்ணத் தெரியாதவர்களும் குழந்தையின் மூச்சை எண்ணட்டும் என்று மணற்கடிகாரமும் மணிகளும் கோத்த ஒரு கருவியும் செய்தார்கள். நிமிடத்துக்கு 60 மூச்சும் அதற்கு மேலும் போனால் ஆபத்து. நர்சம்மா எண்ணும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. அந்த ஒரு நிமிடம் எங்களைத் தொடர்ந்து வந்த கோழிகூடக் கொக்கரிக்கவில்லை, சத்தியமாக.

அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1977இல் எல்மைரா என்ற சிற்றூரில் இதே வேலையைத் தொடங்கினார், தலைப்பிள்ளைக்காரிகளின் வீடுகளுக்கு நர்சுகளை அனுப்பி. 15 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வீடுகளில் பிள்ளைகளை வதைப்பதும் கவனிக்காமல் விடுவதும் குறைவாக இருந்தன. பின்லாந்தில் 1938 முதல் அட்டைப் பெட்டி நிறையக் குழந்தைச் சாமான் கொடுக்கிறார்கள், பிள்ளையை அந்தப் பெட்டியிலேயே தூங்கவும் வைப்பார்களாம். நம் ஊரில் 2015இல் 16 சாமானோடு குழந்தைப் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். தூங்குவதற்குப் பெட்டி எதற்கு, அம்மாவின் பழைய சேலையில் தூளி இருக்கும்போது?

இங்கே ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். 1997 வரை நாமக்கல் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தச் சேலத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்தது, பிறந்த பெண் சிசுக்கள் உயிரோடு இருக்கட்டும் என்று. பெண் பிள்ளை பிறந்த வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவது அன்றைக்கு வெறும் நலம் விசாரிப்பு இல்லை. இப்போதும் ஒரு பாட்டி குரலைத் தாழ்த்தி, என்ன குழந்தைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே என்று இழுத்தார். "தெரியுங்க ஆத்தா. மனுசக் குழந்தை." நர்சம்மா பேனாவைக்கூட நிமிர்த்தவில்லை.

பிரசவ வீட்டில் பெரிய சண்டை சீம்பாலுக்குத்தான். மாடு கன்று போட்டால் சீம்பாலில் வெல்லம் போட்டு வேகவைத்து, அக்கம்பக்கத்துக்குக் கிண்ணத்தில் கொடுத்துவிடுகிறோம். எனக்கு வரவில்லையே என்று கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதே சீம்பால் பெற்றவளுக்குச் சுரந்தால், மஞ்சளாக இருக்கிறது, பீய்ச்சிக் கொட்டிவிடு என்கிறார்கள்! கொட்டிவிட்டு, சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியை நாக்கில் தடவுவார்கள். நர்சம்மா இந்த மாட்டுக் கதையைத்தான் ஆயுதமாக வைத்திருக்கிறார். "கன்னுக்குட்டிக்கு ஒரு நியாயம், நம்ம குட்டிக்கு ஒரு நியாயமாங்க?" என்று அவர் கேட்டதும் அம்மாயி வாயை மூடிக்கொண்டதை நான் நேரில் பார்த்தேன். ஆனால் உரைமருந்துக் கல்லை எடுத்துப் பரண்மேல் வைக்க இன்னும் இரண்டு வருகை ஆகும் என்றார், வெளியே வந்தபிறகு. வசம்பை உரைத்து ஊட்டுவதை நிறுத்தி, கையில் வளையலாகக் கட்டிக்கொள்ள விடுவதோடு சமாதானமாகிவிடுவாராம்.

கடைசி வீடு. 42ஆம் நாள். தூக்குத் தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, வேட்டித் துணியில் பிள்ளையைப் போட்டார்கள். பாட்டி, அம்மாயி, பக்கத்து வீட்டம்மா, நான், எல்லோரும் முள்ளையே பார்க்கிறோம். நாலு கிலோவைத் தாண்டி முள் நின்றது. நர்சம்மா அட்டையைத் திறந்து பேனா மூடியைக் கழற்றுவதற்குள் பையன் நிம்மதியாக ஒன்றுக்குப் போய்விட்டான். துணி நனைந்து, தரையில் சொட்டி, முள் ஒரு நூல் இறங்கியது.

"முன்னாடி இருந்தத எழுதுங்க நர்சம்மா!" என்று அம்மாயி எகிறினார். "அதுவும் எம் பேரன் எடைதான்!"