கடலில்லா ஊரின் உப்பு

டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையில், ஏறத்தாழ 60 ஆண்டுகள் நிலைத்திருந்த தமிழர் குடியிருப்பு மதராசி கேம்ப். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதியுள்ளவை என்று பட்டியலில் ஏறிய குடும்பங்களுக்கு மாற்று வீடு ஒதுக்கப்பட்டதோ நகரின் வடகோடியில் இருக்கும் நரேலாவில். வேலை தெற்கே, வீடு வடக்கே என்றாகிவிட்டவர்களின் பிழைப்பு இரண்டு சக்கரங்களை நம்பியிருக்கிறது. அந்தச் சக்கரங்களைத் துரு எப்படித் தின்கிறது என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கு வெறும் பொது அறிவு அல்ல.

சென்னையில் வண்டி துருப்பிடித்தால் கடல் காற்றைக் காரணம் சொல்வோம். டெல்லிக்கும் கடலுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர். ஆனாலும் அங்கே குளிர்காலக் காற்றில் உப்பு உண்டு. சென்னை ஐஐடி தலைமையிலான ஆய்வுக்குழு 2021இல் இதை விளக்கியது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுகிறது. அது காற்றிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் குளோரைடு துகளாகிறது. அந்தத் துகள் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதால்தான் டெல்லியின் புகைமூட்டம் அவ்வளவு அடர்த்தியாகிறது. அதே துகள் இரவில் ரிம் மீதும் படிகிறது. விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போது, மழை இல்லாமலே அது மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும்.

இனி ரிம்மைப் பார்ப்போம். பளபளக்கும் குரோமியப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் எஃகு. நிக்கல் இரும்பைப்போல எளிதில் அரிபடாது. பூச்சில் ஊசிமுனைத் துளை ஒன்று விழுந்து ஈரம் உள்ளே இறங்கினால், நிக்கலும் இரும்பும் சேர்ந்து நுண்ணிய மின்கலமாகிவிடுகின்றன. பரந்த நிக்கல் பரப்பு எலக்ட்ரான்களை இழுக்க இழுக்க, துளைக்குள் வெளிப்பட்ட துளியளவு இரும்பு மட்டும் கரைந்துகொண்டே போகிறது. ஆகவே ரிம்மில் துரு மேலே பரவுவதைவிடக் கீழே குழி பறிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், சுற்றியுள்ள பூச்சையும் தூக்கி உரித்துவிடுகிறது.

ஸ்போக் கம்பியில் நடப்பது நேர்மாறு. அதன் மேல் பூசிய துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கம்பியில் வெள்ளைப் பொடி பூப்பது அந்தத் தியாகத்தின் அடையாளம். பழுப்பு நிறம் தெரிந்தால் காவல் தீர்ந்துவிட்டது என்று பொருள். அலாய் சக்கரத்தைக் காப்பதோ, அலுமினியத்தின் மேல் தானாகவே உருவாகும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம். குளோரைடு அதையும் துளைக்கும்.

இதே டெல்லியில், மெஹ்ரௌலியில், ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. உயரம் 7 மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். அது அழியாததன் காரணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். அக்கால உருக்கு முறையில் இரும்பிலேயே தங்கிவிட்ட பாஸ்பரஸ்தான் காரணம் என்று அவர் காட்டினார். அந்தத் தூணில் அது சுமார் 0.25 விழுக்காடு, இன்றைய எஃகில் பொதுவாக 0.05 விழுக்காட்டுக்கும் குறைவு. தூண் மழையில் நனைந்தும் காய்ந்தும் வர, இரும்பை ஒட்டி ஒரு பாஸ்பேட் படலம் கெட்டிப்பட்டு, ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் தடுத்து நிறுத்தியது. தூணும் ஒருகாலத்தில் துருப்பிடித்ததுதான். அதன் முதல் துருவே அதற்குக் கவசமானது.

கடைகளில் கிடைக்கும் பாஸ்பாரிக் அமிலத் துருநீக்கிகள் செய்வதும் இதற்கு நெருங்கிய வேலைதான். துருவைக் கரைத்து, எஃகின் மேல் மெல்லிய இரும்பு பாஸ்பேட்டை விட்டுச் செல்கின்றன. கையுறை போட்டு, எஃகு ரிம்மின் துருப்பிடித்த இடத்தில் மட்டும் தடவி, கழுவித் துடைத்து, உடனே மெழுகு பூசவேண்டும். குரோமியத்தில் லேசான துரு என்றால், அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். அலுமினியம் மென்மையானது, குரோமியத்தைக் கீறாது. கழிப்பறை கழுவும் அமிலத்தை மட்டும் சக்கரத்தில் ஊற்றாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு போனதுபோல் தெரியும். துளைகளில் தங்கும் குளோரைடு புதுத் துருவை வரவழைக்கும்.

குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை வெறும் நீரால் உப்பைக் கழுவுங்கள். ஸ்போக் முனைகளில் ஈரம் தங்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும் எண்ணெயோ மெழுகோ படவே கூடாது. பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றும்போது ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே செதில் செதிலாக எழும் துரு டியூபை அறுக்கும். ஒரு ஸ்போக் அறுந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகள் மேல் ஏறும். ஸ்போக் துளையைச் சுற்றி இரும்பு உதிரத் தொடங்கிவிட்டால் எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. அந்த ரிம்மை மாற்றிவிடுங்கள். தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது.